எழுந்து போகாத நிழல்

காலநிலை மையத்துக்குக் கட்டடம் கட்ட வேண்டும் என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்குமூஞ்சி மரத்தை வெட்டினார்கள். மரம் லாரியில் ஏறிப் போய்விட்டது, நிழல் மட்டும் போகாமல் இருந்த இடத்திலேயே கிடந்தது. திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் வெட்டிய அடிமரம் வட்டமாக வெளுத்துத் தெரிகிறது, தலைக்கு மேலே மொட்டை வானம், தரையிலோ கிளையும் இலையுமாகக் குளுகுளுவென்று அத்தனை பெரிய நிழல். காற்று வந்தால் ஆடுகிறது. கிளை நடுவில் ஒரு காக்கைக் கூட்டின் நிழல்கூட இருந்தது, காக்கையைத்தான் காணோம்.

யாரும் அலறவில்லை, மயங்கி விழவில்லை. சித்திரை வெயிலில் மண்டை காய்ந்து வருகிறவனுக்கு நிழல் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்க ஏது நேரம்? கேன்டீன் நடத்தும் சண்முகத்தாய் அக்கா வந்தாள், அண்ணாந்து பார்த்தாள், குனிந்து பார்த்தாள், "நல்லதாப் போச்சு, இலை விழுந்து சாம்பாரு கெடாது" என்று சொல்லிவிட்டு பெஞ்சுகளை இழுத்து நிழலுக்குள் போட்டாள். காலையில் நிழல் மேற்கே நீண்டு கிடக்கும், மதியம் சுருங்கும், சாயங்காலம் கிழக்கே போகும். பெஞ்சுகளும் அதன் பின்னாலேயே போகும், பெஞ்சுகளின் பின்னால் வடைத் தட்டு போகும், வடைத் தட்டின் பின்னால் நாங்கள் எல்லோரும் போவோம். அந்தி சாய்ந்தால் இலை மூடுகிற மரமல்லவா, அந்த நேரத்துக்கு நிழலும் மெலிந்து சல்லடையாகிவிடும். அப்போதுதான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்றே எங்களுக்கு உறைக்கும்.

நான் தமிழ்த் துறை, பெயர் பொற்கொடி. எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறைக்காரர் விழா எடுத்தாலும், அது நுண்ணுயிரியலாக இருக்கட்டும் நீர் மேலாண்மையாக இருக்கட்டும், மைக்கைப் பிடித்துத் தொகுத்து வழங்கத் தமிழ்த் துறையிலிருந்து ஒருத்தரை இழுத்து வருவார்கள், அந்த ஒருத்தி எப்போதும் நான்தான். ஓசோன் படலத்தை வரவேற்றிருக்கிறேன், காற்றாலையை வரவேற்றிருக்கிறேன், சூரிய மின்தகடு பற்றிப் பேச வந்தவர் கரண்ட் போய் இருட்டில் நின்றபோது அவருக்கும் சேர்த்து இரண்டு கவிதை சொல்லிச் சமாளித்திருக்கிறேன். எனக்குக் கார்பனும் தெரியாது கத்தரிக்காயும் தெரியாது, ஆனால் ஒரு விழா எப்படித் தொடங்கி எப்படி முடியும் என்பது மட்டும் தலைகீழ்ப் பாடம்.

அந்தக் காலநிலை மையத்தைக் கேட்டு வாங்கியவர் பாக்கியநாதன் சார், சுற்றுச்சூழல் துறைத் தலைவர், அடுத்த மே மாதம் ஓய்வு பெற இருந்தவர். சாமி, என்ன மனுஷன்! வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் முதல் செட் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பெரிய கேட்டிலிருந்து நூலகம் வரைக்கும் இரண்டு பக்கமும் புங்கங்கன்று நட்டவர், தண்ணீர் லாரி வராத கோடையில் ஹாஸ்டலில் எல்லோரும் குளித்த தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஊற்றி வளர்த்தவர். ஒவ்வொரு புங்க மரத்துக்கும் அதை நட்ட பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்: "நம்ம ரெஜினா பூத்திருக்கா பாத்தியாம்மா", "தமிழ்மாறன் கொஞ்சம் சாஞ்சிட்டான், முட்டுக் குடுக்கணும்." புதன்கிழமை தோறும் பருவநிலை பற்றி அவர் பேசுவார், பேசுவதற்கு ஹால் தரமாட்டார்கள், ஹால் எல்லாம் கலைநிகழ்ச்சிக்கு. அதனால் அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு பேசினார், வருஷக் கணக்கில் பேசினார். பாதிப் பேர் கேட்பார்கள், பாதிப் பேர் மரத்தின் பெயருக்கு ஏற்றபடி தூங்குவார்கள்.

கடைசியில் நிதி வந்தது, ஹாலும் கிடைக்கிறது என்றார்கள், ஆனால் கட்டடக் குழு காட்டிய இடம் அந்த மரம் நின்ற இடம். வேறு இடம் கேட்டால் நிதி திரும்பிப் போய்விடும் என்றார்கள். சார் ஒரு வாரம் அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டே அலைந்தார், பிறகு கையெழுத்துப் போட்டார். "ஒரு மரம்தானம்மா, அந்த ஹால்ல பேசிப் பேசி ஆயிரம் மரம் வச்சிரலாம்" என்று என்னிடம் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் என் கைப்பையைப் பார்த்துச் சொன்னார்.

நிழல் தங்கிவிட்டதும் ஒவ்வொரு துறையும் அதைத் தன்னுடையது என்றது. இயற்பியல்காரர்கள் வெப்பமானியைக் கொண்டு வந்து உள்ளே எவ்வளவு வெளியே எவ்வளவு என்று அளந்து கட்டுரை எழுதினார்கள். தாவரவியல்காரர்கள் இது தாவரத்தின் தொடர்ச்சி, எங்கள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும் என்று மனுப் போட்டார்கள். அதை எந்தப் பாட்டிலில் அடைப்பீர்கள் என்று கேட்டு மனுவைத் திருப்பி அனுப்பினார்கள். சட்டத் துறையில் மரத்தை ஏலம் எடுத்தவனுக்கு நிழலும் சொந்தமா என்று பட்டிமன்றம் நடத்தினார்கள். எங்கள் துறை சும்மா இருக்குமா, கவியரங்கம் வைத்தோம், பதினைந்து பேர் நிழலே நிழலே என்று விளித்தார்கள், அது பாவம், ஆடாமல் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கல்யாணமான ஜோடிகள் போட்டோ எடுக்க வந்தார்கள். துணைவேந்தரின் டிரைவர் மணிக்கொரு தரம் காரை நகர்த்தி நகர்த்தி நிழலோடு ஊர்வலம் போனார். கட்டடம் எழும்பிய பிறகும் நிழல் அசரவில்லை; மதியத்தில் கூரையைப் பொருட்படுத்தாமல் ஹாலுக்குள்ளேயே இறங்கி மேடை மேல் கிடந்தது, ஏசியைப் போடுகிற செலவே இல்லை.

சாருக்கும் யோகம் அடித்தது, சும்மா சொல்லக்கூடாது. இத்தனை வருஷம் அவர் பேச்சைக் கேட்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது 'மரமில்லா நிழல்' என்று ஒரு கட்டுரை எழுதி அதையே உரையாகவும் தயாரித்தார், அதைக் கேட்க வெளிமாநிலத்திலிருந்து பஸ் வைத்து வந்தார்கள், வெளிநாட்டிலிருந்து அழைத்தார்கள், ஓய்வு பெற்ற பிறகும் கௌரவப் பேராசிரியராக இந்த மையத்திலேயே ஒரு அறை தருவதாகத் துணைவேந்தர் வாய்விட்டுச் சொன்னார். அந்த மனுஷன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நடந்ததை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கெட்டது எங்கிருந்து வந்தது என்றால் பதிவாளர் குலசேகரனின் மூளையிலிருந்து வந்தது. பல்கலைக்கழகத்தின் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான். சுத்தம் என்றால் உயிரை விடுவார். "மரம்னா என்ன சார்? இலை கொட்டும், காக்கா எச்சம் போடும், வேரு தரையைத் தூக்கும், எறும்பு வரும், ஜோடி ஜோடியா வந்து ஒக்காரும். நிழல் மட்டும் தனியா கிடைக்குதுன்னா அதைவிட சுத்தம் வேற உண்டா?" என்றார். அந்த வருஷம் பன்னாட்டுக் காலநிலை மாநாடு எங்களிடம் நடக்க இருந்தது. பெரிய பஸ்கள் உள்ளே வரச் சாலை அகலம் போதாது; ஆகவே புங்க மரங்கள் அத்தனையையும் வெட்டிவிடுவது, நிழல்தான் அப்படியே இருக்கப் போகிறதே, மரம் எதற்கு என்று குழு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. திட்டத்துக்கு 'மரமில்லாப் பசுமைச் சாலை' என்று பெயரும் வைத்தாயிற்று. எல்லா மரத்திலும் சிவப்புப் பெயின்டில் நம்பர் போட்டார்கள், ரெஜினா ஒன்று, தமிழ்மாறன் இரண்டு என்று.

சார் ஓடினார். பதிவாளர் அறையில் நானும் இருந்தேன், மாநாட்டு அழைப்பிதழில் பெயர் வரிசை சரிபார்க்கப் போயிருந்தேன்.

"சார், போன வருஷம் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஒரு வேப்ப மரத்தை வெட்டினீங்களே, அதுக்கு நிழல் நிக்கலையே சார்! இது மட்டும் நிக்குதுன்னா இது என்னமோ ஒண்ணு. இதை நம்பி அத்தனையும் வெட்டலாமா?"

"அப்ப நம்மகிட்ட காலநிலை மையம் இல்லையே சார்" என்றார் குலசேகரன், டீயை உறிஞ்சிக்கொண்டே. "இப்ப இருக்கு. அதுவும் உங்க தயவுல. நீங்க எழுதின கட்டுரையத்தான் கோப்புல ஆதாரமா வச்சிருக்கேன். நீங்களே இப்படிப் பேசினா எப்படி?"

சார் திரும்பி நடந்தார். வெளியே வந்து ரெஜினா என்ற மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மாநாட்டுத் தொடக்க விழாவில் அவருடைய சிறப்புரை முடிந்ததும் முதல் மரத்துக்கு ரிப்பன் கட்டி, துணைவேந்தர் ரிப்பனை வெட்ட, மெஷின்காரர் மரத்தை அறுப்பதாக நிகழ்ச்சி நிரல். அட கொடுமையே, மரம் வெட்ட ரிப்பன்! நான் தொகுத்து வழங்க வேண்டும்.

"பொற்கொடிம்மா, அந்த நிழல் ஏம்மா போகமாட்டேங்குது?" என்றார் சார், பக்கத்தில் போய் நின்ற என்னிடம். "வேம்பு போயிருச்சு, இது ஏன் ஒக்காந்திருக்கு?"

சத்தியமாக எனக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனால் வேம்பை வெட்டிய அன்று நான் பார்த்தது ஞாபகம் வந்தது. ஹாஸ்டல் சமையல்கட்டுப் பெண்கள் எல்லோரும் வந்து, மரத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குங்குமம் வைத்து, "இத்தனை நாள் நின்னியே தாயி, மனசுல ஒண்ணும் வச்சுக்காத" என்று கும்பிட்ட பிறகுதான் கோடரி விழுந்தது. தூங்குமூஞ்சியை வெட்டியது விடுமுறை நாள், காண்ட்ராக்டர் ஆட்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. அடுத்த வாரம் அடிக்கல் நாட்டு விழாவில் நன்றியுரை சொன்னது யார்? பாக்கியநாதன் சாரேதான். துணைவேந்தருக்கு நன்றி, கட்டடக் குழுவுக்கு நன்றி, ஷாமியானா போட்டவருக்கு நன்றி, கேசரி கிண்டியவருக்கு நன்றி, மரத்தைத் தூக்கிய கிரேன்காரருக்குக்கூட நன்றி. மரத்துக்கு இல்லை.

"சார், எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்" என்றேன். "ஒருதரம் நன்றியுரை சொல்ல வேண்டியவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டார். சிறப்பு விருந்தினர் என்ன செஞ்சார்? மேடையிலயே ஒக்காந்திருந்தார். கூட்டமும் ஒக்காந்திருந்துச்சு. பாத்ரூம் போகணும்னு நெளியறாங்க, ஒருத்தர்கூட எந்திரிக்கல. நன்றியுரை சொல்லாம நம்ம ஊர்ல எந்த விழா சார் முடிஞ்சிருக்கு? மரியாதை தெரிஞ்சவங்க எப்படி எந்திரிச்சுப் போவாங்க?"

சார் என்னையே பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"சொன்னா போயிரும்கிறியா?"

"தெரியல சார். போயிரும்னுதான் தோணுது."

"நிழல் போச்சுன்னா அந்தக் கட்டுரை போச்சு, வெளிநாடு போச்சு, ரூம் போச்சு. இந்த வயசுல இப்பதாம்மா என் பேச்சை நாலு பேர் கேக்குறான்." நான் அப்படியே விட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். நான் யார் அவருக்கு இதைச் செய், அதைச் செய் என்று சொல்ல?

மாநாட்டுக் காலை விடிந்தது. எல்லோரும் அதிசயத்தைப் பார்க்கட்டும் என்று ஹாலுக்கு வெளியே, காலை நிழல் மேற்கே நீண்டு கிடந்த இடத்தில், மேடை கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். குத்துவிளக்கு, மாவிலை, பல நாட்டுக் கொடி, கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள், பட்டுப்புடவை கட்டிய பேராசிரியைகள், வரிசையில் நின்ற மாணவர்கள், இத்தனை பேர் மேலும் குளுமையாக ஆடிக்கொண்டிருந்தது அந்த நிழல். சற்றுத் தள்ளி, சாலையின் முனையில், முதல் புங்க மரத்துக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. மெஷின்காரர் மெஷினை ஒருதரம் உறுமவிட்டுப் பார்த்தார். வெயில் அன்றைக்கு வெயிலாகவா இருந்தது? நிழலுக்கு வெளியே தார் ரோடு நெளிந்தது.

வரவேற்புரை முடிந்தது, வாழ்த்துரைகள் முடிந்தன, பொன்னாடைகள் போட்டு முடிந்தன. சாரைச் சிறப்புரைக்கு அழைத்தேன். பேசினார், ஆனால் எப்போதும் போல இல்லை. படங்களைக் காட்டினார், எண்களைச் சொன்னார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் தண்ணீர் குடித்தார், ரிப்பன் கட்டிய மரத்தின் பக்கம் மட்டும் தலையைத் திருப்பவே இல்லை. கைதட்டல் விழுந்தது. நிகழ்ச்சி நிரலில் அடுத்து இருப்பது திட்டத் தொடக்கம். துணைவேந்தர் கத்தரிக்கோலுக்காகக் கையை நீட்டிவிட்டார்.

நான் மைக்கை வாய்க்கு நெருக்கிப் பிடித்தேன். "அடுத்ததாக நன்றியுரை" என்றேன். "வழங்குபவர் பேராசிரியர் பாக்கியநாதன் அவர்கள்."

குலசேகரன் மேடைக்குக் கீழே நின்று, "என்னம்மா, வரிசை மாறிப்போச்சு! மாறிப்போச்சு!" என்று கையை ஆட்டினார். நான் மாடு மாதிரி நின்றேன். இனிமேல் என்னிடம் ஒன்றும் இல்லை, சாரிடம்தான் எல்லாம் இருந்தது. மேடையிலிருந்து இறங்கப் போனவர் படியிலேயே நின்றார். எங்கே போய்விடுவாரோ என்று எனக்கு உயிரே போனது. அவர் முதன்முதலாகத் தலையைத் திருப்பி அந்த ரிப்பனைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், பிறகு திரும்பி வந்து மைக்கைப் பிடித்தார்.

"இந்த இடத்துல நடந்த அடிக்கல் விழாவுல நன்றி சொல்றப்ப நான் ஒரு பேரை விட்டுட்டேன்" என்றார். கூட்டத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துப் பேசினார். "தூங்குமூஞ்சி மரத்துக்கு நன்றி. யாரும் இடம் தராதப்ப நீ எனக்கு இடம் தந்த. நான் பேசப் பேசப் புள்ளைங்க தூங்குச்சு, தூங்கினாலும் பரவாயில்லைன்னு விசிறிவிட்ட. என் கரும்பலகை மேல பூவாக் கொட்டின, அதைத் துடைக்கிறப்ப நான் உன்னைத் திட்டியிருக்கேன். உன்னை வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அதுக்கப்புறமும் எனக்குப் பேர் வாங்கிக் குடுக்குறதுக்காக இங்கயே ஒக்காந்திருக்க. போதும் தாயி. விழா முடிஞ்சிருச்சு. நன்றி, வணக்கம். போயிட்டு வா."

போயிட்டு வா என்றதுமே நிழல் எழுந்தது. ஒரு குழப்பமும் இல்லை, அவசரமும் இல்லை. பந்தியில் சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்திருக்கிற மாதிரி ஓரத்திலிருந்து வரிசையாக எழுந்தது. முதலில் கடைசி வரிசை மாணவர்களின் செருப்பை விட்டது, பிறகு மடியை விட்டது, பிறகு வெள்ளைக்காரர்களின் தலையை விட்டது, துணைவேந்தரின் வழுக்கையை விட்டது. அந்தக் காக்கைக் கூட்டின் நிழல் மட்டும் சாரின் கால் பக்கத்தில் கொஞ்சம் தயங்கியது, பிறகு அதுவும் போயிற்று.

அடுத்த நொடி, ஐயோ, அந்த வெயில்! மேலே விழுந்தது என்று சொல்ல முடியாது, பிடித்து உலுக்கியது. அத்தனை நாற்காலிகளும் ஒரே சத்தமாகத் தள்ளப்பட, வெள்ளைக்காரர் கறுப்பர் நம்மவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் புங்க மரங்களைப் பார்த்து ஓட்டம் பிடித்தார்கள். துணைவேந்தர் தனக்குப் போட்ட பொன்னாடையை எடுத்துத் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு ஓடினார். சண்முகத்தாய் அக்கா வடைத் தட்டோடு ஓடினாள். குலசேகரன் எல்லோருக்கும் முன்னால் ஓடியவர், ரிப்பன் கட்டிய முதல் மரத்தடியில் போய் முதுகை ஒட்டி நின்றார்; அவர் மேல் கூட்டம் வந்து நெருக்கியதில் ரிப்பன் அறுந்தே போயிற்று.

"சார், மரத்தை வெட்டவா?" என்று மெஷின்காரர், ஆர்டர் ஆர்டர்தான் என்பதால், பொறுப்பாகக் கேட்டார்.

"யோவ், முதல்ல அதை அணைச்சுத் தொலைய்யா!" என்று கத்தினார் குலசேகரன். "நெருக்கிக்கிட்டு நிக்கிறோம்ல, கண்ணு தெரியலையா ஒனக்கு? புரொபசர் அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, எனக்கு இந்தத் தோள்ல வெயில் அடிக்குது."

மாநாடு அதற்குப் பிறகு மரத்தடியிலேயே நடந்தது. ஒரு பேச்சாளருக்கு ஒரு மரம் என்று பிரித்துக்கொண்டார்கள். சாலையை அகலப்படுத்துவது பற்றி அதன் பிறகு எந்தக் குழுவும் பேசியதாக எனக்குத் தகவல் இல்லை.

ஆனால் அந்த நேரத்தில் நான் திரும்பிப் பார்த்தபோது, காலி நாற்காலிகளுக்கு நடுவில், மொட்டை வெயிலில், சார் மட்டும் தனியாக நின்றார். நான் குடையை விரித்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் வழிந்தது, அதில் எது வேர்வை எது கண்ணீர் என்று எனக்குத் தெரியவில்லை.

"வாங்க சார், தமிழ்மாறன்கிட்ட இடம் இருக்கு. வந்து நில்லுங்க."

"குடையை மடக்கும்மா" என்றார். "இத்தனை வருஷமா நிழல்ல நின்னுக்கிட்டே வெயிலைப் பத்திப் பேசிட்டேன். கொஞ்ச நேரம் இங்க நிக்கிறேன்."

நான் குடையை மடக்கினேன்.